ஆனந்தவல்லி வீட்டு ஏசி

ஆனந்தவல்லி வீட்டு ஹாலில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று என் பெண் அனுராதா வந்து சொன்னபோது, எனக்கு வந்த சந்தோஷத்தில் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன். அது பொங்கி மேடையெல்லாம் வழிந்தது.

"எங்கேருந்துடி சொட்டுது?"

"ஏசி வென்ட்லேருந்துதான். நேரா சோபா மேல. சித்தி குண்டான் வச்சிருக்காங்கம்மா."

தஞ்சாவூர் முழுக்கத் தேடி வாங்கிய வெள்ளை சோபா. அதன் மேல் சோறு வடிக்கிற குண்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அய்யய்யோ, பாவம்" என்று சொல்லி வைத்தேன். அனுராதா என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆனந்தவல்லி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் வைரக்கண்ணுவுக்கு ஒரே தம்பி ராஜராஜன், அவனுடைய மனைவி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மனையைப் பாகம் பிரித்தபோது கிழக்குப் பாதி எங்களுக்கு வந்தது, மேற்குப் பாதி அவர்களுக்குப் போனது. நாங்கள் இருக்கிற நிலத்தைப் பயிர் பண்ணிக்கொண்டு, மாமனார் கட்டிய வீட்டிலேயே கூரை ஓடுகளை எடுத்துத் தளம் போட்டுக்கொண்டு இருந்துவிட்டோம். ராஜராஜன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து, போன வருஷம் மேற்குப் பாதியில் வீடு கட்டினான். கட்டி முடித்ததும் திரும்பப் போய்விட்டான். அவர்களுடைய மகன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவ்வளவு பெரிய வீட்டில் ஆனந்தவல்லி ஒருத்திதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலி. என் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அவள் வீட்டு வாசல் தெரியும்.

ஏசி என்றால் நமக்குத் தெரிந்தது சுவரில் மாட்டுகிற பெட்டி. இவர்கள் வைத்தது அப்படி இல்லை. ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதற்கு மேலே டக்ட் என்று ஒரு பெரிய தகரக் குழாயை ஓடவிட்டு, கூரையில் அங்கங்கே வென்ட் வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்னத் தகடுகளாக வரிசையாக இருக்கும். அந்த இடுக்கு வழியாகக் குளிர் இறங்கும். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தபடியே சாப்பிட்டார்கள். என்ன பரிமாறினோம் என்று ஒருத்தருக்கும் நினைவிருக்காது.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வேலிக்கு அந்தப் பக்கம் குளிர்ந்துகொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன வரும்? பக்தியா வரும்? வயலிலிருந்து வருகிற என் வீட்டுக்காரர் கை கால் கழுவிவிட்டு, "தம்பி வீட்ல மோட்டார் என்னமோ சத்தம் போடுதாம்" என்று கிளம்பிவிடுவார். அந்த மோட்டார் தினம் சத்தம் போட்டது. அனுராதாவுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற கம்ப்யூட்டர் வேலை, சென்னைக் கம்பெனிக்கு. காலையில் பல் தேய்த்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டினால் சாப்பாட்டுக்குத்தான் வருவாள். பல நாள் அதற்கும் வர மாட்டாள். "சித்தி வத்தக்குழம்பு வச்சிருந்தாங்க, அங்கேயே சாப்ட்டேன்" என்பாள். நான் ஆக்கி வைத்த குழம்பை நானே ராத்திரியும் ஊற்றிக்கொண்டு சாப்பிடுவேன். அதில்தான் எனக்கு அடிவயிறு எரியும். வீடு போகட்டும், சோபா போகட்டும். நான் பெற்ற பெண்ணை ஒரு மெஷினை வைத்து இழுத்துக்கொண்டாளே.

இதில் இன்னொரு கொடுமை, அவள்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காது. மரியாதையாகப் பேசுவாள். பண்டம் செய்தால் முதல் தட்டு எனக்குத்தான் வரும். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

அடுப்படி மேடையில் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அனுராதாவின் நிச்சயதார்த்தம் அந்த ஹாலில்தான்.

அதை அங்கே வைத்ததும் நான்தான். மாப்பிள்ளை வீட்டார் திருவிடைமருதூர்க்காரர்கள். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழேதான் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதை நான் பார்த்தேன். பார்த்த உடனே என் வாய் சும்மா இருக்காமல், "நிச்சயத்தன்னிக்கு இப்புடி வேர்க்க விட மாட்டோங்க. பக்கத்துலயே எங்க கொழுந்தனார் வீடு, ஹால் பூரா சென்ட்ரல் ஏசி" என்று சொல்லிவிட்டது. எவள் ஏசியைப் பார்த்து வயிறெரிந்தேனோ அதே ஏசியை எடுத்துப் பெருமை பேசினேன். அவர்களுக்கும் வாயெல்லாம் பல். ஆனந்தவல்லியிடம் கேட்டபோது, "இதெல்லாம் கேக்கணுமாக்கா? நம்ம அனு" என்றாள். 'நம்ம அனு'வாம்.

இப்போது அந்த வென்ட் சொட்டுகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்திருக்கும்போது தலையில் சொட்டினால் எப்படி இருக்கும்? சொட்டினால் ஆனந்தவல்லியின் மானம் போகும். கூடவே என் பெண்ணின் நிச்சயமும் நாறும். 'வாங்கன்னு கூப்ட்டு நனைச்சு அனுப்புனாங்க' என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நல்ல காரியத்தில் தண்ணீர் சொட்டியது என்று எவளாவது சகுனம் பேசினால் அதோடு போயிற்று. சொட்ட வேண்டும் என்று பாதி மனசும், சொட்டவே கூடாது என்று பாதி மனசுமாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனந்தவல்லி தஞ்சாவூரிலிருந்து ஏசி மெக்கானிக்கை வரவழைத்தாள். ஜோஸ்வா என்று பேர். நானும் போனேன். போகாமல் இருக்க முடியுமா? அவன் ஏணி போட்டு ஏறி, ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையைவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். தண்ணீர் வெளியே போகிற பைப்பில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். அது ஒழுங்காக வெளியே போயிற்று.

"லீக் இல்லீங்கக்கா. இது வேர்வை" என்றான் இறங்கி வந்து. "ஐஸ் தண்ணி ஊத்துன செம்பு வெளிப்பக்கம் வேர்க்குதுல்ல, அதேதான். வென்ட்டுத் தகடு ஜில்லுன்னு இருக்கு. ஈரக் காத்து அதுல பட்டுத் தண்ணியாவுது. வீட்டச் சுத்தி வயல்ல தண்ணி கட்டியிருக்கீங்க, அந்தாண்ட வாய்க்கா ஓடுது. காத்துல ஈரம் இல்லாம எப்புடி இருக்கும்?"

ஏசியைப் பதினெட்டில் வைத்திருந்ததைப் பார்த்து, இருபத்தைந்துக்குக் கீழே இறக்காதீர்கள், ஃபேன் வேகத்தைக் கூட்டி வையுங்கள் என்றான். பிறகு அண்ணாந்து பார்த்து, "இந்தத் தகட்டையெல்லாம் யாரு மூடுனது?" என்று கேட்டான்.

"நான்தான் தம்பி. அனு உக்கார்ற மூலைக்குக் காத்து நல்லா வரட்டும்னு மத்தத மூடி வச்சேன்" என்றாள் ஆனந்தவல்லி.

"மூடுனா காத்து போவாம தகடு இன்னும் ஜில்லாவும்ங்க. எல்லாத்தையும் நல்லா தொறந்து விடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் பெண் உட்கார்கிற மூலைக்குக் காற்று வர இவள் ஏணி வைத்து ஏறி மற்றதையெல்லாம் மூடியிருக்கிறாள். என் வீட்டில் அனுராதா எந்த ஃபேனுக்குக் கீழே உட்காருவாள் என்று என்னைக் கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜோஸ்வா வென்ட்டைச் சுற்றி இருந்த சந்தில் நுரை மாதிரி ஒன்றை அடித்து அடைத்தான். மேலே டக்ட்டில் எங்கெங்கே உறை பிரிந்திருந்ததோ அங்கே டேப் சுற்றினான். "கதவு ஜன்னல மூடியே வைங்க. தொறந்தீங்கன்னா திரும்பச் சொட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் பகல் முழுக்கச் சொட்டவில்லை. சாயந்திரம் சொட்டியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஆனந்தவல்லி அவனுக்கு போன் போட்டாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று அவன் கேட்டிருக்கிறான். "காலையிலேருந்து சாத்தியே இருக்கு தம்பி, சாமி சத்தியமா" என்று இவள் சொன்னது என் அடுப்படி வரைக்கும் கேட்டது. அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை, இரண்டு நாளில் வந்து பார்க்கிறேன் என்றானாம். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

கண்டுபிடித்தது நான். அந்த வீட்டில் எது நடந்தாலும் என் கண்ணில் படாமல் நடக்காது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எந்தப் புடவை காய்கிறது, கூரியர்காரன் கொண்டுவந்தது பெரிய பெட்டியா சின்னப் பெட்டியா, எல்லாம் எனக்குத் தெரியும். அன்றைக்கு அடுப்படியில் நின்று சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்தது. ஆனந்தவல்லி வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து வைத்தாள். விளக்கேற்றினாள். உள்ளே பூஜை அறையில் உட்கார்ந்துவிட்டாள். கதவு திறந்தபடியே கிடந்தது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நடவு வயல்மேல் இருந்த புழுக்கமெல்லாம் நேராக அவள் ஹாலுக்குள்தான் போயிருக்கும். நான் சாம்பாரை இறக்கியபோது, "சித்தி, சொட்டுது!" என்று அனுராதாவின் குரல் கேட்டது.

ஆனந்தவல்லி பொய் சொல்லவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் மகாலட்சுமி வரக் கதவைத் திறப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் கதவைத் திறந்ததாகவே நினைக்க மாட்டோம். அது மூச்சுவிடுகிற மாதிரி. நானும்தான் தினம் திறக்கிறேன். என் வீட்டில் சொட்டுவதற்கு ஏசி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்டுபிடித்ததை உடனே போய்ச் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறதே, அதை வாயில் கற்கண்டு மாதிரி ஒதுக்கி வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. மறுநாள் சாயந்திரமும் குண்டானில் டொக் டொக் என்று சொட்டுகிற சத்தத்தை வேலியோரம் நின்று கேட்டேன். பிறகு அனுராதாவின் நிச்சயப் புடவைக்கு ஜாக்கெட் தைத்து வந்தது. அதை மடித்து வைக்கும்போது மனசு கேட்கவில்லை. போனேன்.

"வெளக்கு வைக்கிறப்ப ரெண்டு கதவையும் விரியத் தொறந்து போட்டா சொட்டாம என்ன பண்ணும்?" என்று வாசலில் நின்றே கேட்டேன்.

ஆனந்தவல்லி, "அடக் கடவுளே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "எப்புடிக்கா கண்டுபுடிச்சீங்க?"

"கண்ணு இருக்குல்ல."

"இப்ப என்னக்கா செய்யிறது? மகாலச்சுமி வர்ற நேரத்துல கதவ சாத்த முடியுமா?"

"ஏசிய நிறுத்திட்டுத் தொறயேன். அரை மணி நேரம் தொறந்து போட்டுத்தான் அவளக் கூப்டணுமா? தொறந்ததும் உள்ள வர அவளுக்குத் தெரியாதா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றையிலிருந்து ஏசியை முன்னாலேயே நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தாள். விளக்கேற்றிக் கும்பிட்டதும் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து இருபத்தாறில் வைத்துப் போட்டாள். ஒரு சொட்டு இல்லை. குண்டான் சோறு வடிக்கப் போய்விட்டது. நான் கண்டுபிடித்ததைத் தான் கண்டுபிடித்ததாக அவள் சொல்லிக்கொண்டிருந்தால் நான் அவளைத் திட்டியாவது ஆறியிருப்பேன். அவள் ஜோஸ்வாவுக்கே போன் போட்டு, "எங்க அக்காதான் கண்டுபுடிச்சாங்க, உங்கள விட அவங்க கெட்டி" என்றாள். அனுராதா அதைக் கேட்டு, "எங்க சித்திக்கு எவ்ளோ பெரிய மனசு பாரேன்" என்றாள். கண்டுபிடித்தது நான், மனசு பெரிசு அவளுக்கு.

நிச்சயத்துக்கு முந்தின நாள் ஜோஸ்வாவிடம் மறுபடி கேட்டோம். ஐம்பது அறுபது பேர் வருவார்கள், ஆவணி மாதம், சாயந்திரமானால் மழை பிடித்துக்கொள்கிறது, என்ன செய்யலாம் என்று. ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்டோம்.

"மத்தியானமே போட்டு விட்ருங்க. உள்ள இருக்கிற ஈரமெல்லாம் இழுத்துரும். காப்பி, சமையல் எல்லாம் வெளிய பந்தல்ல வைங்க, உள்ள ஆவி வரக் கூடாது. நனைஞ்ச கொடைய உள்ள விடாதீங்க. ஆளு வர்ற நேரந்தான் சிக்கல். கதவு தொறந்தே கெடந்தா அவ்ளோதான். யாராவது ஒருத்தரு வாசல்லயே நின்னு, ஆள உள்ள விட்டதும் விட்டதும் சாத்திக்கிட்டே இருக்கணும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீ நில்லேன். பொண்ணோட அம்மா. வர்றவங்கள வாங்கன்னு கூப்ட்ட மாதிரியும் இருக்கும், கதவையும் பாத்துக்கலாம்."

எனக்கு வந்ததே கோபம். "என் பொண்ணு நிச்சயத்தன்னிக்கு நான் இந்த வீட்டுக்கு வாட்ச்மேனா? கதவு தொறந்து விடத்தான் நான் பொறந்தேனா?" என்று கத்திவிட்டேன். அனுராதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நிக்கிறேன்க்கா. இது ஒரு பெரிய விஷயமா?" என்றாள் ஆனந்தவல்லி.

நிச்சயதார்த்தத்தன்று மழை சொல்லிவைத்த மாதிரி வந்தது. திருவிடைமருதூரிலிருந்து வேன் வந்து நிற்கவும் தூற்றல் பிடிக்கவும் சரியாக இருந்தது. ஆனந்தவல்லி வாசலில் நின்றாள். நல்ல பட்டுதான் கட்டியிருந்தாள், அதைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். சீர்த்தட்டு ஏந்தி வருகிறவர்களைக் கும்பலாகச் சேர்த்து நிறுத்தி, குடைகளை வாங்கிக்கொண்டு, கதவைத் திறந்து மளமளவென்று உள்ளே அனுப்பி, உடனே சாத்தினாள். மறுபடி அடுத்த கும்பல். சாரலில் ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது. மழைப் புழுக்கத்தில் முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. மை கலைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது.

உள்ளே அப்படி ஒரு சுகம். நான் வெள்ளை சோபாவில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், நானும் பார்த்தேன். ஒரு தகட்டில்கூட ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஓலை வாசித்தார்கள். தட்டு மாற்றினோம். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த அரக்குப் பட்டுப்புடவையை அனுராதா உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்து வந்து அவளுடைய தலையில் பூ வைத்தார். அந்த அம்மாள் பெண் பார்க்க வந்தவர் இல்லை, அன்றுதான் முதல் தடவை வருகிறார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய் அந்தப் பக்கம் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பூ வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "வீடு அம்சமா இருக்குங்க. உள்ள வந்ததும் ஊட்டி மாதிரி இருக்கு. உங்க வீடுதானே?"

"ஆமாங்க" என்றேன்.

வேண்டுமென்று யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு மாற்றவும் இல்லை. ஒரு வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த வீடு. ஒரே ஒரு வார்த்தையில் கிரானைட், தேக்குக் கதவு, குளிர் எல்லாம் என்னுடையதாகிவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு இனித்தது.

"வாசல்ல நிக்குறாங்களே, வேலைக்கு வச்சிருக்கீங்களா? பாவம், மழைலயே நிக்குது. எங்க கொடையெல்லாம் பொறுப்பா வாங்கி வச்சுது. இந்தக் காலத்துல இப்புடி ஆளு கெடைக்கிறது கஷ்டங்க."

"ம்" என்றேன்.

அனுராதாவின் தலை அசைந்தது. பெரியம்மாவின் கையிலிருந்த பூச்சரம் நழுவியது. "ஆடாம இரும்மா" என்று அவர் மறுபடி எடுத்து வைத்தார். அனுராதா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய பின்கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "பெரியவங்க கால்ல எல்லாம் விழுந்து கும்புட்டுக்கம்மா. மொதல்ல உங்க அம்மா அப்பா" என்றார். நான் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு காலைச் சேர்த்து வைத்து நின்றேன். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து நின்றார்.

அனுராதா எழுந்தாள். என்னைத் தாண்டி நடந்தாள். மறந்து வேறெங்கோ போகிறாள் என்றுதான் நினைத்தேன். நேரே வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். மழைக்காற்று குப்பென்று உள்ளே அடித்தது. ஈரச் சிமெண்டுத் தரையில், அந்த அரக்குப் பட்டோடு, ஆனந்தவல்லியின் காலில் விழுந்தாள்.

ஆனந்தவல்லியின் இரண்டு கையிலும் குடைகள். தொட்டுத் தூக்கக்கூட அவளுக்குக் கை இல்லை. "ஏய், பட்டு நனையுதுடி! எந்திரி, எந்திரிடி!" என்று பதறினாள்.

அனுராதா எழுந்து, திறந்த கதவில் நின்றபடி பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "இவங்க எங்க சித்திங்க. இது இவங்க வீடு."

மரியாதையாகத்தான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. பெரியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் ஆனந்தவல்லியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா பார்த்தார். அப்புறம் ஹாலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஆனந்தவல்லிக்கு என்ன நடந்தது என்று புரிந்ததா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "அதெல்லாம் இப்ப எதுக்குடி? உள்ள போ மொதல்ல. கதவு தொறந்திருக்கு, வந்தவங்க மேல சொட்டிரப் போவுது" என்று முழங்கையால் அவளை உள்ளே தள்ளினாள். வெளியே நின்றபடியே கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு அப்போதும் அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். 'நான் என்ன வேலைக்காரியா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மூச்சுவிட்டிருப்பேன். எதுவும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டாளே. என் பெண் விழுந்த முதல் கும்பிடும் அவளோடு வெளியே நின்றுவிட்டது. அதைத் திருப்பி வாங்கவும் வழியில்லை.

அனுராதா முழங்காலில் ஈரத்தோடு திரும்பி வந்து என் காலில் விழுந்தாள். நான் குனிந்து தோளைப் பிடித்துத் தூக்கினேன். அவளுடைய முகம் என் காதோரம் வந்தபோது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நம்ம வீட்லயே வச்சிருக்கலாம்மா. எனக்கு வேர்த்தா என்ன? நீ என்னை ஒரு வார்த்த கேக்கவே இல்ல."

அவளுடைய தோளிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. இத்தனை நாளில் என் பெண் நம்ம வீடு வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அதைச் சொன்னவள் நான். அவள் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு அவளுடைய அப்பாவின் காலில் விழப் போனாள்.